இழவு வீட்டில் கத்தியவன்

2013 நவம்பர் 30, சனிக்கிழமை. நன்றி நவிலல் விடுமுறை வாரம். அலுவலக சீனியர் ஒருவரின் வீட்டு ஹாலில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். ஒன்பது பேர் அலபாமா பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் கருஞ்சிவப்புச் சட்டையில். நான் மட்டும் சாம்பல் நிற ஸ்வெட்டரில்.

வீட்டுக்காரர் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசாவில் எம்.எஸ். படித்தவர். நேரில் அவர் எனக்கு அண்ணா. அவர் இல்லாத இடத்தில் அலுவலகத் தமிழர்கள் எல்லோருக்கும் டஸ்கலூசா அண்ணன். அங்கே அவர் படித்தது என்னவோ இரண்டு வருடம்தான். ஆனால் செப்டம்பர் பிறந்தால் சனிக்கிழமைகளில் அவரிடம் வேறு எதுவும் பேச முடியாது. கல்யாணத்துக்குக்கூட ஆட்ட அட்டவணையைப் பார்த்துத்தான் முகூர்த்தம் குறித்தார் என்று அண்ணி சொல்வார். அது பாதி பொய்யாக இருக்கலாம்.

அன்று அலபாமாவுக்கும் ஆபர்னுக்கும் ஆட்டம். ஒரே மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழகங்கள். அயர்ன் பௌல் என்று பெயர். அலபாமா நாட்டிலேயே முதலிடம், ஆபர்ன் நான்காம் இடம். ஸ்கோர் 28-28. ஒரு நொடி பாக்கி.

அந்த ஒரு நொடியும் சும்மா வந்ததில்லை. அலபாமாவின் டி.ஜே. யெல்டன் பந்தோடு ஓடிப்போய்க் கோட்டுக்கு வெளியே கால் வைத்தபோது கடிகாரம் பூஜ்யம் காட்டியது. கோச் நிக் சேபன் விடவில்லை. நடுவர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு நொடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அண்ணன் டிவியைப் பார்த்துக் கைகூப்பினார்.

57 யார்டு தூரத்திலிருந்து ஃபீல்டு கோல், அதாவது கோல் கம்பத்துக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் முயற்சி. வழக்கமாக உதைக்கும் கேட் ஃபாஸ்டர் அன்று மூன்றைக் கோட்டை விட்டிருந்தார். அதில் ஒன்று ஆபர்ன்காரர்கள் தடுத்தது. அதனால் ஆடம் கிரிஃபித் என்ற இளம் வீரரை அனுப்பினார்கள். ஆபர்ன் ஒரு டைம் அவுட் எடுத்தது. அது முடிந்து திரும்பும்போது கோல் கம்பத்துக்கு அடியில் ஒரு ஆபர்ன் வீரர் தனியாக வந்து நிற்பது தெரிந்தது.

“அண்ணா, அவன் எதுக்கு அங்க நிக்கிறான்?”

“சும்மாடா. பந்து குறைவா வந்தா பிடிக்கிறதுக்கு.”

சும்மா நின்றவர் பெயர் கிறிஸ் டேவிஸ். பந்து குறைவாகத்தான் வந்தது. கம்பத்தைத் தாண்டாமல் மைதானத்துக்குள்ளேயே இறங்கும் பந்து உயிருள்ள பந்து. எதிரணி அதைப் பிடித்து ஓடலாம். கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தாலும், தொடங்கிவிட்ட ஆட்டம் முடிகிற வரை முடிந்ததாகாது. மைதானத்தின் கடைசிப் பட்டையான எண்ட் ஸோனின் பின்கோட்டுக்குச் சற்று முன்னால் பந்தை வாங்கிய டேவிஸ் இடது ஓரமாகத் திரும்பினார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஃபீல்டு கோல் உதைக்கும் அணியில் பதினொரு பேர். உதைப்பவர் ஒருவர், பந்தைப் பிடித்து வைப்பவர் ஒருவர். மற்ற ஒன்பது பேரும் எதிரணி பாய்ந்து வராமல் மறிக்க நிற்கும் சுவர். அதில் பெரும்பாலானவர்கள் முந்நூறு பவுண்டுக்காரர்கள். அவர்கள் வேலை நின்ற இடத்தில் நிற்பது. ஓடுபவனைத் துரத்துவது அல்ல. டேவிஸ் திரும்பிய நொடியில் அந்த மலைகள் மெதுவாக, ஒவ்வொன்றாக, ‘ஐயோ, இவன் வருகிறானே’ என்று திரும்பியது டிவியில் அப்படியே தெரிந்தது. அவர்களுக்கு முன்னால் ஆபர்னின் நீலச் சட்டைகள் வேலி கட்டிக்கொண்டு ஓடின. கடைசியாக மறிக்க வந்தவர்களில் பந்தைப் பிடித்து வைத்தவரும் ஒருவர். அவராலும் முடியவில்லை.

பாதி மைதானத்தைத் தாண்டும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அடுத்த நினைவு, நான் சோபா மேல் நிற்கிறேன். “ஓடுறான்டா! ஓடுறான்டா டேய்!” என்று ஒரு குரல் கேட்கிறது. அது என் குரல்.

109 யார்டு. பதிவேட்டில் 100 என்றுதான் இருக்கும், கல்லூரி ஆட்டக் கணக்கில் அதற்கு மேல் எழுத மாட்டார்கள். ஆபர்ன் 34, அலபாமா 28.

வீட்டில் சத்தமே இல்லை. சோபாவிலிருந்து இறங்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. சமையலறை வாசலில் அண்ணி நின்றுகொண்டு என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். அண்ணன் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, “சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி” என்றார். அதுவரை என்னை அவர் ‘போங்க’ என்று சொன்னதே இல்லை.

நான் ஆபர்ன் ரசிகன் இல்லை. அலபாமா மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இதை அன்று கார் வரை வந்த அண்ணியிடம் விளக்கப் பார்த்தேன். “அப்புறம் எதுக்குக் கத்துனீங்க?” என்றார். நியாயமான கேள்விதான்.

நான் இந்த நாட்டில் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. 2005இல் வேலைக்கென்று வந்து இறங்கியவன். இங்கே சனிக்கிழமை ஆட்டத்தில் பக்கம் எடுப்பதற்குப் படித்திருக்க வேண்டும், அல்லது அப்பா படித்திருக்க வேண்டும், அல்லது அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும். எனக்கு மூன்றும் இல்லை. சம்பந்தமில்லாத ஒரு கல்லூரிச் சட்டையைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது. அப்படியே பொதுவில் நின்றுவிட்டேன்.

நான் முழுதாகப் பார்த்த முதல் ஆட்டம் 2006 ஜனவரி 4, ரோஸ் பௌல். கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் டெக்சஸும் யூ.எஸ்.சி. எனும் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும். அபார்ட்மெண்ட் அறை நண்பன் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம், ‘நாலு முயற்சிக்குள்ள பத்து யார்டு போகணும், போகலேன்னா பந்து அவனுக்கு’. அதை மட்டும் வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்தேன். அந்த ஆட்டத்துக்கு அது போதுமாக இருந்தது.

யூ.எஸ்.சி. தொடர்ந்து 34 ஆட்டம் ஜெயித்து வந்திருந்தது. ஆறரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாக இருக்கும்போது 38-26 என்று முன்னிலை. டெக்சஸ் பந்தை எதிரணிக் கோட்டுக்குள் கொண்டுபோய் ஒரு டச்டவுன் போட்டு 38-33 ஆக்கியது. அப்புறம் இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கையில் யூ.எஸ்.சி.க்கு நான்காவது முயற்சி, இரண்டே யார்டு. எடுத்தால் ஆட்டம் முடிந்தது. லென்டேல் வைட்டிடம் பந்தைக் கொடுத்தார்கள். டெக்சஸ் சுவர் அசையவில்லை. அந்த வருடம் நாட்டின் சிறந்த வீரர் என்று ஹைஸ்மன் கோப்பை வாங்கிய ரெஜ்ஜி புஷ் அந்த நேரத்தில் களத்திலேயே இல்லை, ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் தெரியாத நானே அறை நண்பனிடம் கேட்டேன், “நல்லா ஓடுறவனை ஏன் உட்கார வச்சிருக்காங்க?” அவன், “இதை நாளைக்கு நாடே கேக்கும்” என்றான். இருபது வருடமாகியும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மிச்சத்தை டெக்சஸின் வின்ஸ் யங் பார்த்துக்கொண்டார். நான்காவது முயற்சி, ஐந்து யார்டு தேவை, கோட்டுக்கு எட்டு யார்டு. பந்து வீச ஆளைத் தேடினார், இல்லை. வலது பக்கம் ஓடினார். ஓடினார் என்பதுகூடச் சரியில்லை, பஸ்ஸைப் பிடிக்க அவசரமில்லாதவர் போல நீளமாக எட்டு வைத்துப் போய்ச் சேர்ந்தார். 19 நொடி பாக்கி. 41-38. அவர் 267 யார்டுக்கு வீசி, 200 யார்டு ஓடியிருந்தார். காலையில் அலுவலகம் போய் ரொம்ப நாள் ரசிகன் மாதிரி பேசினேன்.

ஒரு வருடம் கழித்து, 2007 ஜனவரி 1. அரிஸோனாவில் ஃபியஸ்டா பௌல். ஓக்லஹோமாவுக்கு எதிராக பாய்ஸி ஸ்டேட். மைதானத்தில் நீலப் புல் போட்டிருக்கும் ஐடஹோக்காரர்கள் என்பதைத் தவிர பாய்ஸியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கட்டத்தில் 28-10 என்று முன்னால் இருந்தார்கள். ஓக்லஹோமா விரட்டிப் பிடித்து, ஒரு நிமிடம் இருக்கும்போது பாய்ஸி வீசிய பந்தையே தட்டிப் பறித்து ஓடி 35-28 ஆக்கிவிட்டது.

நான் பாய்ஸி பக்கம் சாய்ந்தது அப்போதுதான். பொதுவில் நிற்பவனின் நேர்மையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அது மூன்றாம் கால் பகுதி வரைதான் தாங்கும். அதற்கு மேல் யார் பின்னால் இருக்கிறார்களோ அவர்கள் பக்கம் மனசு போய்விடும். அவர்கள் முந்திவிட்டால் மறுபடி அந்தப் பக்கம். எனக்கு வேண்டியது யாரும் ஜெயிப்பது அல்ல, ஆட்டம் முடியாமல் இருப்பது. பச்சோந்தி என்று திட்டலாம், திட்டியும் இருக்கிறார்கள்.

பாய்ஸிக்கு நான்காவது முயற்சி, 18 யார்டு வேண்டும். பதினெட்டு! ஜேர்டு ஸப்ரான்ஸ்கி நடுவில் ட்ரிஸன் ஜேம்ஸுக்கு வீசினார். அவர் பிடித்து, எதிரே குறுக்காக ஓடிவந்த ஜெரர்ட் ராப் கையில் பந்தைத் தள்ளிவிட்டார். ஓக்லஹோமாக்காரர்கள் எல்லோரும் ஜேம்ஸ் பக்கம் பாய்ந்திருந்தார்கள், ராப் காலி ஓரத்தில் போய்விட்டார். 7 நொடி பாக்கி இருக்க 35-35.

சமனில் முடிந்தால் ஓவர்டைம், கோட்டுக்கு 25 யார்டிலிருந்து ஆளுக்கொரு வாய்ப்பு. அதில் ஓக்லஹோமாவின் ஏட்ரியன் பீட்டர்சன் முதல் ஓட்டத்திலேயே 25 யார்டையும் கடந்து டச்டவுன் போட்டார். பாய்ஸி பதிலுக்குப் போட்ட டச்டவுனை வீசியது வழக்கமாகப் பந்து வீசும் குவார்ட்டர்பேக்கே இல்லை, பந்து பிடிக்கிற வேலையில் இருந்த வின்னி பெரெட்டா. இப்போது சாதாரணமாக ஒரு புள்ளி உதைத்தால் மறுபடி சமன். அவர்கள் உதைக்கவில்லை, பந்தை இன்னொரு முறை கோட்டுக்குள் கொண்டுபோகும் இரண்டு புள்ளி முயற்சிக்குப் போனார்கள். தவறினால் தோல்வி. ஸப்ரான்ஸ்கி பின்னால் நகர்ந்து வலது பக்கம் மூன்று பேர் நிற்கும் இடத்துக்கு வீசுவது போல வெறுங்கையை வீசினார். பந்து அவருடைய இடது கையில், முதுகுக்குப் பின்னால் இருந்தது. இயன் ஜான்சன் அதைச் சாவகாசமாக எடுத்துக்கொண்டு இடது பக்கம் நடந்துபோய்ச் சேர்ந்தார். ஓக்லஹோமா அணி மொத்தமும் வலது பக்கம், இல்லாத பந்தைத் தேடிக்கொண்டிருந்தது. 43-42.

எங்கள் பக்கம் நள்ளிரவு தாண்டிவிட்டது. டிவியில் இயன் ஜான்சன் மைதானத்திலேயே முட்டிபோட்டு, சியர்லீடராக இருந்த தன் காதலியிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தார். கதையில் எழுதினால் ‘ஓவர்’ என்று திருப்பி அனுப்புவார்கள். ஒன்று மட்டும் எனக்கு இன்றும் பிடிபடவில்லை: அந்த வருடம் 13 ஆட்டமும் ஜெயித்து, ஒன்றும் தோற்காத பாய்ஸிக்குப் பட்டத்துக்கு ஆடக்கூட வாய்ப்பு கிடைக்கவில்லை. கடைசித் தரவரிசையில் ஐந்தாம் இடம். பெரிய வீட்டுக் கல்யாணத்தில் கடைசிப் பந்தி.

பார்க்காமல் விட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். அதே 2007, செப்டம்பர் 1. சின்னப் பிரிவில் ஆடும் அப்பலாச்சியன் ஸ்டேட்டை, நாட்டில் ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகன் 4 லட்சம் டாலர் கொடுத்துத் தன் மைதானத்துக்கு அழைத்தது. சீசன் தொடக்கத்தில் உதைத்துப் பழக ஒரு அணி, அவ்வளவுதான் கணக்கு. அதை ஒளிபரப்பியது பிறந்து இரண்டே நாள் ஆன புதுச் சேனல். என் கேபிள்காரரிடம் அது வரவில்லை. வேறு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது திரைக்கு அடியில் அப்பலாச்சியன் 34, மிச்சிகன் 32 என்று ஓடியது. எழுத்துப் பிழை என்று நினைத்துவிட்டேன். கடைசி நொடியில் கோரி லின்ச் ஃபீல்டு கோலைத் தடுத்துத்தான் அது முடிந்தது என்பது இரவுச் செய்தியில் தெரிந்தது. அந்தக் கேபிள்காரரை நான் மன்னிக்கவில்லை.

ஓவர்டைம் பேச்சு வந்ததால் வரிசை மாறி ஒன்று. 2018 நவம்பர் 24, டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் எல்.எஸ்.யூ. எனும் லூசியானா ஸ்டேட்டும். ஏழு ஓவர்டைம், 74-72. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஆட்ட நேரம் முடியப்போகும்போது எல்.எஸ்.யூ. பந்தைப் பறித்துவிட்டது, ஜெயித்தாயிற்று என்று வீரர்கள் கோச் எட் ஓர்ஜெரான் தலையில் ஒரு பெரிய டப்பா கேடரேட் பானத்தைக் கொட்டினார்கள். வீடியோவைப் பார்த்தால், வீசுவதற்கு முன்பே ஏ அண்ட் எம் குவார்ட்டர்பேக் கெல்லன் மாண்டின் முட்டி தரையைத் தொட்டிருக்கிறது. பந்து திரும்பப் போனது. கடைசி நொடியில் 19 யார்டு பாஸ், சமன். பாவம், அந்த மனுஷர் பிசுபிசுத்த சட்டையோடு ஏழு ஓவர்டைமுக்கும் நின்றார். யார் ஜெயித்தார்கள் என்பதை விட அந்தச் சட்டைதான் என் நினைவில் இருக்கிறது.

வீரர்கள் களைத்துப் போகிறார்கள் என்று அப்புறம் விதியை மாற்றினார்கள். 2021 முதல், மூன்றாவது ஓவர்டைமிலிருந்து வெறும் இரண்டு புள்ளி முயற்சிதான், ஆளுக்கொன்று. காரணம் புரிகிறது. ஆனால் அந்த அக்டோபரில் இல்லினாய், பென் ஸ்டேட்டை ஒன்பது ஓவர்டைமில் 20-18 என்று ஜெயித்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இருவரும் மாற்றி மாற்றித் தவற விட்டதைப் பார்க்கையில், பூட்டுக்குள் போகாத சாவியை இருட்டில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல இருந்தது.

நேரில் போய்ப் பார்த்தது ஒன்றே ஒன்று. 2017 டிசம்பர் 9, ஃபிலடெல்ஃபியாவில் ராணுவ அகாடமிக்கும் கடற்படை அகாடமிக்கும். நண்பர் ஒருவருக்கு வேலை வந்துவிட்டதால் கிடைத்த டிக்கெட். காலையிலிருந்தே பனி. சாம்பல் ஓவர்கோட்டில் ராணுவ மாணவர்கள் மைதானத்துக்குள் அணிவகுத்து நின்றபோது அவர்கள் தோளில் பனி ஏறியதைப் பார்த்தேன், ஒருவரும் தட்டிவிடவில்லை. ஆட்டத்துக்கு முன் கைதிகள் பரிமாற்றம் என்று ஒன்று உண்டு. ஒரு பருவம் எதிர் அகாடமியில் போய்ப் படிக்கும் மாணவர்களை நடு மைதானத்தில் அவரவர் பக்கம் திருப்பி அனுப்புவார்கள். உள்ளபடியே ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்கிறார்கள்.

ராணுவ அணி மலைப்படைப் பிரிவின் நினைவாக வெள்ளைச் சீருடையில் வந்திருந்தது. வெள்ளைப் பனியில் வெள்ளைச் சட்டை! பாதி நேரம் யார் எங்கே என்றே தெரியவில்லை. கடற்படையின் மால்கம் பெரி மட்டும் நன்றாகத் தெரிந்தார், அன்று 250 யார்டு ஓடினார். ஆனாலும் நான்காம் பகுதியில் ராணுவம் 14-13 என்று முந்தியது. மூன்று நொடி இருக்கும்போது கடற்படைக்கு 48 யார்டு ஃபீல்டு கோல். முந்நூறு பவுண்டுப் பையன்கள் பந்து வைக்கும் இடத்தில் பூட்ஸ் காலால் பனியைச் சுரண்டி ஒதுக்கினார்கள். வாசலைப் பெருக்குவது போல, அவ்வளவு கவனமாக. பென்னெட் மோரிங் உதைத்தார். என் இருக்கை கடற்படைப் பக்கம். முன்வரிசைப் பெரியவர் “உள்ள போயிடுச்சு!” என்று எழுந்துவிட்டார். பந்து எனக்குத் தெரியவே இல்லை. எதிர்ப் பக்கச் சாம்பல் கோட்டுகள் எழுந்த விதத்தைப் பார்த்துத்தான் இடது பக்கம் இம்மி அளவில் தவறியதைத் தெரிந்துகொண்டேன். பெரியவர் கொஞ்ச நேரம் நின்றபடியே இருந்தார்.

அங்கே ஒரு வழக்கம். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் சேர்ந்து முதலில் தோற்றவர்களின் மாணவர்கள் முன்னால் போய் நின்று அவர்கள் கல்லூரிப் பாட்டைப் பாடும். பிறகு ஜெயித்தவர்கள் பக்கம். இரண்டாவதாகப் பாட வேண்டும் என்பதுதான் இரு அகாடமிக்கும் வருடம் முழுக்கக் கனவு. முதல் பாட்டுக்கு ராணுவ வீரர்கள் எங்கள் பக்கம் பார்த்து நின்றார்கள். சற்று முன்பு இவர்களைத் தள்ளி மிதித்தவர்கள். அன்று நான் கத்தவே இல்லை.

அந்தக் கதையை அண்ணியிடம் போனில் சொல்லியிருக்கிறேன் போல. ஒரு மாதத்தில் அழைப்பு வந்தது. 2018 ஜனவரி 8, அலபாமாவும் ஜார்ஜியாவும், பட்டத்துக்கான ஆட்டம், அட்லாண்டாவில். நாலு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஆட்டம். திங்கட்கிழமை இரவு, வேறு விருந்தாளிகள் இல்லை. நிபந்தனை ஒன்றுதான்: பிள்ளைகள் தூங்குகிறார்கள், சோபா மேல் ஏறக் கூடாது.

இடைவேளையில் ஜார்ஜியா 13-0. சேபன் வழக்கமான குவார்ட்டர்பேக்கை உட்கார வைத்துவிட்டு, துவா டாகோவைலோவா என்ற முதலாமாண்டுப் பையனை இறக்கினார். பையன் விரட்டிப் பிடித்து 20-20 ஆக்கிவிட்டான். கடைசியில் 36 யார்டு ஃபீல்டு கோல், போட்டால் பட்டம். அண்ணன் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். 2013க்குப் பிறகு அவர் உதைப்பதைப் பார்ப்பதில்லையாம், அண்ணி கிசுகிசுத்தார். பந்து வெளியே போனது. நான் போய்ச் சொன்னேன். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், தலையாட்டினார்.

ஓவர்டைமில் ஜார்ஜியா 51 யார்டிலிருந்து மூன்று புள்ளி எடுத்தது. அடுத்து அலபாமா. முதல் முயற்சியிலேயே துவாவைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள், 16 யார்டு நஷ்டம். இரண்டாவது முயற்சி, 26 யார்டு தேவை. நிற்கிற இடத்திலிருந்து உதைப்பதென்றால் 58 யார்டுக்குக் குறையாது. 57 என்ற எண்ணே அந்த வீட்டில் ஆகாது. அண்ணன் ஒன்றும் பேசாமல் மறுபடி சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணி மாடிக்குப் போயாயிற்று. ஹாலில் நானும் டிவியும்.

துவா ஒரு பக்கம் பார்த்தார், காவலுக்கு நின்றவன் அந்தப் பக்கம் நகர்ந்தான். திரும்பி இடது ஓரத்தில் வீசினார். அங்கே டெவான்டா ஸ்மித், கூட யாருமே இல்லை. 41 யார்டு.

சோபா மேல் ஏறவில்லை, அது வரை சரி. ஆனால் கத்திவிட்டேன். மாடியில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. குழாய் நின்றது. ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் சமையலறையிலிருந்து, எட்டிக்கூடப் பார்க்காமல், அண்ணன் குரல் மட்டும் வந்தது:

“டேய்... யாருக்கு?”